பல் கட்டியவன் பல் போன கதை

பல் செட்டுக்குப் புது மாவு வந்துவிட்டது. ரோஜா நிறத்தில், குழந்தைக்குப் பூசும் பவுடர் மாதிரி இருக்கிறது. ஒரு திரவத்தில் குழைத்து அச்சில் வைத்தால் நிஜ ஈறு போலவே பளபளக்கிறது. நாங்கள் கட்டிய பல் செட்டுக்கு ஈறு ரப்பர்தான். செங்கல் நிறம். சிரித்தால் வாய்க்குள் பழைய மதில் தெரியும். அந்த ரப்பர் காலம் எப்படி இருந்தது, எழுதிக் கொடுங்கள் ராவுத்தரே என்று எங்கள் கடையில் இப்போது வேலை பார்க்கும் பிள்ளைகள் கேட்டார்கள். தொழில் விஷயத்தை எழுதுவேன் என்று நம்பிக் கேட்டிருக்கிறார்கள், பாவம்.

நானும் அதைத்தான் எழுத உட்கார்ந்தேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த ஒரு நாள் வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. திருச்சிராப்பள்ளி பெரிய கடைவீதியில் அந்தக் கதை தெரியாதவர் கிடையாது. ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். ஒருவர் சொல்வதில் நான் தெப்பக்குளத்தில் குதித்தேன். குதிக்கவில்லை. குதிக்கக் கிளம்பினேன். இந்த வித்தியாசத்தையாவது நானே சொல்லிவிட்டால் தேவலை.

தொழிலுக்கு வந்த வழி பெருமையானதல்ல. இளவயதில் கடிகார ரிப்பேர் கடையில் இருந்தேன். கடிகாரம் கொண்டுவந்த டாக்டர் அருளப்பன் நான் அரம் பிடிக்கும் விதத்தைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "கடிகாரம் கெட்டா மணிதான் தப்பும். பல்லு கெட்டா சோறே தப்பும். அந்த வேலைக்கு வர்றியா, காசிம்?" என்றார். போனேன். முதல் சில வருஷங்கள் ராவினேன், தேய்த்தேன், மெருகு போட்டேன். பயிற்சி என்றால் அவ்வளவுதான்.

டாக்டர் கல்கத்தாவில் படித்தவர். சத்தமே இல்லாத மனிதர். சின்னக் கண்ணாடியை வெந்நீரில் காட்டி, தன் புறங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தவர் வாய்க்குள் விடுவார். ஜில்லென்று பட்டால் வயசானவர்கள் நாக்கைச் சுருட்டிக்கொள்வார்கள் என்பார். நாற்காலியில் வந்து உட்கார்ந்தவரிடம் அவர் வயசு கேட்டு நான் பார்த்ததில்லை. முதல் கேள்வி, "என்ன சாப்பிட ஆசை?" என்பதுதான். பதிலைப் பொறுத்துத்தான் கடைவாய்ப் பல்லின் மேடு பள்ளத்தை நான் ராவ வேண்டும். தயிர்சாதக்காரருக்கு ஒரு விதம், முறுக்குக்காரருக்கு ஒரு விதம். "இந்த வயசுல என்னங்க ஆசை" என்று இழுத்த ஒருவரை, "அப்ப ஆசை வந்தப்புறம் வாங்க" என்று அனுப்பிவிட்டார். அவர் அடுத்த வாரமே வந்தார். வறுத்த வேர்க்கடலை.

அச்சு எடுப்பதுதான் இந்த வேலையில் கண்டம். பாரிஸ் பிளாஸ்டரைத் தண்ணீரில் கரைத்து, சீக்கிரம் இறுக ஒரு சிட்டிகை உப்புப் போட வேண்டும். தயிர்ப் பதம் வந்ததும் லாட வடிவத் தகரக் கரண்டியில் எடுத்து மேல் தாடையில் அழுத்திப் பிடிக்க வேண்டும். இறுகும்போது மாவு சுடும். பல்லே இல்லாத வாய் என்றால் லேசாக அசைத்ததும் கழன்று வந்துவிடும். அங்கொன்றும் இங்கொன்றும் கோணலாகப் பல் நிற்கும் வாயில் பூட்டிக்கொள்ளும். அப்புறம் கத்தியால் கீறி, துண்டு துண்டாக உடைத்தெடுத்து, வெளியே வைத்து ஒட்ட வேண்டும். அதன் பிறகு மெழுகில் பல் நிறுத்துவது, ரப்பர் திணித்து பாய்லரில் வேகவைப்பது எல்லாம் பொறுமை இருந்தால் கழுதையும் செய்யும். நான் செய்தேனே.

மாவு இறுகும் நேரத்தில் அந்த மனிதர் மிரண்டு எழுந்து ஓடாமல் பார்த்துக்கொள்வதும் என் பொறுப்பு. "ஈ கடிச்ச மாதிரிதான் இருக்கும். மூக்கால மூச்சு விடுங்க. ஆடிப் பெருக்குல காவேரி போறதை நினைச்சுக்கங்க." பல வருஷம் இதே பாட்டு. நடுவில் நாலு நகைச்சுவை. டாக்டர் கைக்கு வேலை, என் வாய்க்கு வேலை என்று கடை ஓடியது.

கரண்டியை எடுத்ததும் வயசானவர்கள் செய்யும் முதல் காரியம், எனக்குப் புத்தி சொல்வது. வாய் அடைபட்டிருந்த நேரத்தில் சேர்ந்ததெல்லாம் கொட்டும். அதில் இரண்டு பேர் எனக்கு நிரந்தரம். ஒருவர் ஸ்ரீரங்கத்துப் பூகோள ஐயங்கார். பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். நாங்கள் கட்டிய செட்டைப் போட்டுக்கொண்டு, அது கடிக்கிறது, இது உரசுகிறது என்று ஏதாவது சாக்கு வைத்து ஜட்காவில் வந்துவிடுவார். எழுபதைத் தாண்டி உருது படிக்க ஆசை. "ஓய் ராவுத்தரே, சொல்லிக் கொடும்" என்பார். "சாமி, எனக்கே தெரியாது. எங்க வீட்டுல தமிழ்தான்" என்றால், "அப்ப ரெண்டு பேருமாப் படிப்போம், வாரும்" என்பார். இன்னொருவர் ஜீயபுரத்துச் செல்லாயி. வாழைத்தோட்டக்காரி. பல் கட்டிக்கொள்ள அந்த வருஷம்தான் புதிதாக வர ஆரம்பித்திருந்தார். என்ன சாப்பிட ஆசை என்று டாக்டர் கேட்டதற்கு அவர் சொன்ன பதில், பொருள்விளங்கா உருண்டை. சுத்தியலுக்குப் பயப்படாத அந்த உருண்டையைக் கேட்டு டாக்டரே ஒரு நிமிஷம் யோசித்தார். "பல்லு உடைஞ்சிடும்மா." "உடைஞ்சா நீங்கதான் இருக்கீகளே."

இப்படிப்பட்டவர்களின் வாய்க்குள்ளேயே பாதி வாழ்நாளைக் கழித்தவன், தன் வாயைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருந்தேன்? அது எனக்கு இளமையாகவே இருக்கும் என்று நினைத்தேன். நாற்பத்தைந்து தாண்டிய ஒரு காலை, வேப்பங்குச்சி பட்டதும் முன்பல் ஒன்று ஊஞ்சலாடியது. கண்ணாடியில் பார்த்தேன். ஈறெல்லாம் வீங்கி, பற்கள் ஆளுக்கொரு திசையில், சந்தைக் கூட்டம் மாதிரி நின்றன. தொழில் தெரிந்தவனுக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? எல்லாவற்றையும் பிடுங்க வேண்டும், ஈறு ஆற மூன்று மாதம் விட வேண்டும், அப்புறம்தான் செட்டு. வேறொருவர் வாயாக இருந்தால் மூச்சு விடாமல் சொல்லியிருப்பேன்.

என் வாய் என்றதும் கண்ணாடியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

காரணம் இருந்தது. என் ஒரே மகள் மைமூனுக்கு நிக்காஹ் பேசி முடித்திருந்தோம். நோன்பு கழிந்ததும் கல்யாணம், மூன்று மாதம்கூட இல்லை. எங்களில் பெண்ணின் தகப்பன்தான் சபை நடுவே உட்கார்ந்து, என் மகளை இன்ன மஹர்த் தொகைக்கு உங்களுக்கு நிக்காஹ் செய்து கொடுத்தேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சம்பந்தி வீட்டார் தஞ்சாவூர்க்காரர்கள், எதற்கும் சிரிக்கக் கூடியவர்கள். ஊரையெல்லாம் சிரிக்க வைத்தவனைப் பார்த்து ஊர் சிரித்தால் எப்படி இருக்கும்? இந்த நினைப்பு வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இறங்காததற்குப் பல்லும் காரணம் என்பதை ஒப்புக்கொள்ளாமல் நினைப்பின் மேலேயே பழி போட்டேன்.

அப்போதுதான் ஒரு யோசனை உதித்தது. பல் இருக்கும்போதே அச்சு எடுத்து, செட்டைத் தயாராக வைத்துக்கொண்டு, பிடுங்கிய கையோடு மாட்டிவிடுகிற முறை ஒன்று சீமையில் உண்டு என்று டாக்டர் எப்போதோ சொல்லியிருந்தார். சீழ் வைத்த ஈறுக்கு அது கூடாது என்றும் சொல்லியிருந்தார். முதல் பாதி மட்டும் எனக்கு ஞாபகம் இருந்தது.

நோன்பு பிறக்கச் சில நாள் இருந்தபோது, டாக்டர் ஒரு நோயாளியைப் பார்க்கக் கன்டோன்மென்ட் பக்கம் போயிருந்த மத்தியானம், உள்ளறையைச் சாத்திக்கொண்டு மாவு கரைத்தேன். அவசரத்தில் உப்பு ஒரு சிட்டிகைக்குப் பதில் ஒரு பிடி விழுந்தது. பிஸ்மில்லா சொல்லி, கண்ணாடி முன் நின்று, கரண்டியை வாய்க்குள் அழுத்தினேன். உப்பு தன் வேலையைப் பார்த்தது. நான் ஆடிப் பெருக்கை நினைப்பதற்குள் மாவு கல்லாகிவிட்டது. அசைத்தேன். அசையவில்லை. இழுத்தேன். தலை சேர்ந்து வந்தது. மாவு சுட ஆரம்பித்தது. கோணல் பல் உள்ள வாயில் மாவு பூட்டிக்கொள்ளும் என்று எத்தனை பேருக்குப் பாடம் சொல்லியிருப்பேன்!

கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடினேன். வாயிலிருந்து கரண்டிக் காம்பு நீட்டிக்கொண்டிருக்கிறது, கடைவாயில் எச்சில் ஒழுகுகிறது, கண் பிதுங்கியிருக்கிறது. பெஞ்சில் ஐயங்காரும் செல்லாயியும் உட்கார்ந்திருந்தார்கள்.

"என்ன ஓய், பாயசத்தோட கரண்டியையும் முழுங்கிட்டீரா?" என்றார் ஐயங்கார்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் தண்ணீர். தண்ணீர் பட்டால் மாவு கரையும் என்று நினைத்தேன். இறுகிய பிளாஸ்டர் கரையாது என்று இந்த ஊரிலேயே நன்றாகத் தெரிந்த இரண்டு பேரில் நான் ஒருவன். இருந்தும் தெப்பக்குளத்தைப் பார்த்துப் பாய்ந்தேன். வாசற்படியில் செல்லாயி என் வேட்டியைப் பிடித்துவிட்டார். வாழைத்தார் தூக்கின கை. வேட்டியை விட்டுவிட்டு ஓடலாமா என்று ஒரு கணம் உண்மையிலேயே யோசித்தேன்.

"உக்காரு தம்பி. எங்க ஓடுற? ஈ கடிச்ச மாதிரிதான் இருக்கும்."

"மூக்கால மூச்சு விடும் ஓய்" என்றார் ஐயங்கார். "காவேரியை நினைச்சுக்கொள்ளும். காவேரி குடகிலே உற்பத்தியாகி…" என்று பூகோளப் பாடத்தையே ஆரம்பித்துவிட்டார். நான் நோயாளி நாற்காலியில், செல்லாயி என் தோளைப் பிடித்தபடி. காவேரி மேட்டூர் வந்து, முக்கொம்பு வந்து, கொள்ளிடம் பிரிகிற இடத்தில் டாக்டர் வந்து சேர்ந்தார்.

அவர் நேரே போய்க் கையைக் கழுவினார். கத்தியை வெந்நீரில் காட்டினார், புறங்கையில் வைத்துப் பார்த்தார். கரண்டியைத் தட்டிக் கழற்றிவிட்டு, மாவில் நெடுக ஒரு கோடு கீறி, கத்தி முனையைக் கொடுத்து ஒரு திருப்பு. மளுக். முதல் துண்டு வந்தது. இரண்டாவது துண்டோடு முன்பற்களும் சேர்ந்து வந்தன. அவற்றை ஒரு கிண்ணத்தில் வைத்து என்னிடம் காட்டினார்.

"காசிம், இதையெல்லாம் என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் எனக்குக் கொடுத்த அடி அது ஒன்றுதான்.

மிச்சமிருந்ததையும் நோன்பு முடிவதற்குள் எடுத்துவிட்டார். கல்யாண நாளன்று என் வாயில் ஒரு பல்லும் இருக்காது என்பது நிச்சயமாயிற்று.

அன்று முதல் வாய்க்கு மேல் கைக்குட்டை. வீட்டில் தனியாகச் சாப்பிட்டேன். மைமூன் தட்டு கொண்டுவந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாங்கினேன். அவள் ஏதாவது கேட்டால் தலையாட்டினேன். தொண்டைக்கட்டு என்று என் மனைவியிடம் சொன்னேன். அவள் நம்பியதாக நடித்தாள். கடையில் நான் சைகைதான். அச்சு எடுக்க உட்கார்ந்தவர்கள் என் நகைச்சுவை இல்லாமல் மிரண்டார்கள்.

செல்லாயிக்குப் பல் மாட்டிய அன்று அவரும் ஐயங்காரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். கல்யாணத்தில் நிக்காஹ் சொல்லப்போவது நானில்லை, என் மனைவியின் அண்ணன் இஸ்மாயில் மச்சான்தான் என்று அன்றுதான் நான் வாய்விட்டேன். தகப்பன் தன் சார்பில் ஒருவரை நியமிக்கலாம், அதற்கு வழி உண்டு. மச்சானுக்குத் தோல் மண்டி. குரல் தண்டோராக்காரன் குரல்.

ஐயங்கார் தன் செட்டைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தார். "ஓய், வயசானதை மறைக்கறதுக்கு நீர் படற சிரமத்துல பாதி போதும், நிம்மதியா வயசாயிடலாம். எனக்கும் முதல்லே வெட்கமாத்தான் இருந்தது. பேசினா சிரிப்பாளேன்னு ஒரு வருஷம் கோவிலுக்குக்கூடப் போகலை. அந்த ஒரு வருஷத்தைப் பெருமாள் திருப்பிக் கொடுப்பாரா? கேட்டுப் பார்த்தேன். மௌனமா சயனிச்சிண்டிருக்கார்."

"உங்களுக்கென்ன சாமி, உங்களுக்குப் பொண்ணு கல்யாணமா?" என்றேன். கைக்குட்டைக்குள்ளிருந்து அது வெறும் காற்றாக வந்தது.

செல்லாயி புதுப் பல்லால் கடித்துப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பல்லு போனா வாய்க்குள்ள இடம் நெறைய தம்பி. நாலு வார்த்தை கூடப் பேசு. மூடி வெச்சா பூஞ்சைதான் புடிக்கும்."

நல்ல புத்திதான். நான் மூடியே வைத்திருந்தேன்.

கல்யாணத்தன்று பாலக்கரையில் எங்கள் தெருவை அடைத்துப் பந்தல். சபையில் மச்சான் புதுத் தொப்பியோடு நடுவில் உட்கார்ந்தார். ஐயங்கார் ஜரிகை அங்கவஸ்திரத்தோடு வந்து, எங்கள் சாப்பாடு ஆகாது என்பதால் பழமும் கற்கண்டும் எடுத்துக்கொண்டு, முன்வரிசை நாற்காலியில் அமர்ந்துவிட்டார். செல்லாயி உள்ளே பெண்களோடு. நான் கொல்லையில் பிரியாணி தேக்சாவின் பக்கத்தில். உப்புப் பார்க்கிறேனாம்! என் கையில் உப்பு பட்ட பாடு தெரிந்தவர்கள் யாராவது இருந்திருந்தால் தேக்சாவைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்கள்.

நிக்காஹுக்கு முன் பெண்ணிடம் சம்மதம் கேட்க வேண்டும். மச்சான் இரண்டு சாட்சிகளோடு திரைக்கு வெளியே நின்று கேட்டார். கன்னிப் பெண்ணின் மௌனமே சம்மதம் என்று வைத்துக்கொள்வது வழக்கம். பெரும்பாலும் பெண்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள், காரியம் முடிந்துவிடும். என் மகள் வாயைத் திறந்தாள்.

"அத்தா எங்கே?"

"அவருக்குத் தொண்டை சரியில்லம்மா. நான் கேக்கறேன்ல. சம்மதமா?"

"அத்தா வந்து கேக்கட்டும் மாமா. சொல்றேன்."

"நேரமாவுது தாயி. சபை காத்துக்கிட்டு இருக்கு."

"அத்தாவுக்குப் பல்லுதானே இல்ல மாமா? வாயுமா இல்ல?"

கொல்லை வரை கேட்டது. அவளுக்குக் குரல் என்னிடமிருந்து வந்தது. மச்சான் குரலெல்லாம் அதற்கு முன் ஒன்றுமில்லை. சமையற்காரர் கிளறுவதை நிறுத்தினார்.

பயந்தவன் என்ன செய்வான்? கொல்லை மதிலைப் பார்த்தான். மதிலுக்கு அந்தப் பக்கம் சந்து, சந்து தாண்டினால் ரோடு. தகப்பனைக் காணோம் என்றால் மச்சான் எப்படியாவது சமாளித்துவிடுவார் என்று என் புத்தி சொன்னது. விறகுக் கட்டின் மேல் ஏறி, ஒரு காலை மதிலின் மேல் போட்டேன். மகளின் நிக்காஹ் நின்றுபோயிருக்கிறது, தகப்பன் மதிலின் மேல் குதிரை ஏறுகிறான். இந்த இடத்தைக் கடைவீதிக்காரர்கள் யாரும் சொல்வதில்லை. அவர்களுக்குத் தெரியாது. பார்த்தவர் ஒருவர்தான்.

"எறங்கு" என்றார் செல்லாயி, கொல்லைக் கதவில் நின்று.

"முடியாதும்மா. சிரிப்பாங்க."

"சிரிக்கத்தான் சிரிப்பாங்க. எம் பேரன் கல்யாணத்துல நான் பேசினதுக்குச் சிரிக்காதவுக இல்ல. அதுக்குன்னு அந்தப் புள்ள மாலையோட உக்காந்திருக்கணுமா?" பிறகு வாய்க்குள் விரலை விட்டு, கீழ் செட்டைக் கழற்றினார். மேல் செட்டைக் கழற்றினார். முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டார். கன்னம் இரண்டும் உள்ளே போயின. கட்டி முடித்து மெருகு போட்டு மாட்டியபோது, செல்லாயி கண்ணாடியை விட்டு நகராமல் நின்று பார்த்த செட்டு அது.

"இந்தா, நானும் கழட்டிட்டேன். சிரிக்கிறவுக ரெண்டு பேரைப் பாத்துச் சிரிக்கட்டும். வா."

இறங்கினேன். வேட்டியைச் சரிசெய்துகொண்டு, கைக்குட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, அவர் பின்னால் போனேன். திரைக்கு முன் நின்று, மாப்பிள்ளை பெயரும் மஹரும் சொல்லி, சம்மதமா அம்மா என்று கேட்டேன். எழுத்தில் சுலபமாக இருக்கிறது. அன்று என் வாயிலிருந்து வந்தது ஓட்டைத் துருத்தியின் சத்தம். திரைக்குள் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். செல்லாயி உள்ளேயிருந்து ஏதோ அதட்டினார், அதுவும் துருத்திதான். இன்னும் பலமாகச் சிரித்தார்கள். மைமூன் மட்டும் சிரிக்கவில்லை.

"சம்மதம் அத்தா" என்றாள்.

சபைக்குப் போனேன். மச்சான் நகர்ந்து இடம் விட்டார். மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, பள்ளிவாசல் லெப்பை சொல்லிக் கொடுக்கச் சொல்லிக் கொடுக்க, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன். தஞ்சாவூர்க்காரர்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. முன்வரிசையில் ஐயங்கார் மெதுவாகத் திரும்பி, வகுப்பைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். அது பாதியிலேயே நின்றது. மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டேன் என்றார். முடிந்தது. இவ்வளவுதான். இதற்காகத்தான் நான் மதில் ஏறினேன்.

சாப்பாட்டுக்கு ஆட்கள் உட்காரத் தொடங்கியபோது மைமூன் என்னை உள்ளே கூப்பிட்டனுப்பினாள். மாலையும் மல்லிகையுமாக உட்கார்ந்திருந்தவள், "காட்டுங்க அத்தா" என்றாள். குனிந்து வாயைத் திறந்தேன். அவள் என் தாடையைப் பிடித்து, வெளிச்சத்துக்குத் திருப்பி, மேலும் கீழும் நிதானமாகப் பார்த்தாள். நோன்பு மாதம் முழுக்கத் தட்டு வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்க அவள் நின்ற நேரமெல்லாம் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"ரொம்ப வலிச்சுதா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவளைப் பார்த்ததும் வரவில்லை.

"ஆமாம்மா. ரொம்ப வலிச்சுது."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

பந்தியில் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லி அன்று நழுவிவிட்டேன். இப்போது அவளுக்கு இரண்டு பிள்ளைகள். பெருநாளைக்கு வரும்போதெல்லாம் அந்தப் பதிலைச் சொல்லிவிடலாம் என்று உட்காருவேன். வேறு ஏதாவது பேசிச் சிரிக்க வைத்து அனுப்பிவிடுகிறேன்.